புக்கெகோஹியில் ஒரு பந்தி விசாரணை

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த பெண் அதிகாரி, உள்ளே இருந்த மூன்று எவர்சில்வர் வாளிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். "இவை எந்தப் பண்ணையில் இருந்தவை?" என்று கேட்டார். எந்தப் பண்ணையிலும் இல்லை, மன்னார்குடிக் கடைத்தெருவில் வாங்கியவை என்றேன். பால் கறக்கவா என்றார். இல்லை, சாம்பார் ஊற்ற என்றேன். இப்போது எங்கே போகின்றன என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் எனக்கு. "ஒரு பண்ணைக்கு" என்றேன்.

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் வாளிகளுக்கு ராஜ உபசாரம். விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள், விரலால் தடவினார்கள், ஒருவர் முகர்ந்தும் பார்த்தார். வாளிகளில் ஒரு குற்றமும் இல்லை. மண் ஒட்டியிருந்தது என் செருப்பில்தான். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்த எனக்குக் கிடைக்காத மரியாதை என் செருப்புக்குக் கிடைத்தது.

அந்த வாளிகளைக் கொண்டுவரச் சொன்னவள் மல்லிகா, என் சித்தப்பா மகள். இலங்கையில் மன்னாரிலிருந்து வந்து திருச்சியில் தங்கியிருந்த ஜெயத்தைக் கட்டிக்கொண்டு இங்கே நியூஸிலாந்துக்கு வந்தவள். மன்னார்குடிக்காரி மன்னார்க்காரரைப் பிடித்துவிட்டாள் என்று அப்போது ஊரில் சிரித்தோம். ஜெயம் எலெக்ட்ரீஷியன். ஹில்ஸ்பரோவில் வீடு. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போவதுதான் அந்த வாரத்தின் ஊர்வலம்.

மல்லிகா பல வருஷம் யார் யாருடைய சமையலறையிலோ வெங்காயம் நறுக்கியவள். இந்த வருஷம்தான் முதல் தடவையாக அவளுக்கென்று சொந்தமாக ஒரு வேலை பிடித்திருந்தாள். புக்கெகோஹியில் ஒரு வெங்காயப் பண்ணை. அறுவடைக்கு டோங்கா தீவுகளிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு. வெங்காயம் முடிந்தால் உருளைக்கிழங்கு, குளிர்காலம் வரை வேலை இருக்கும். ஆனால் முதல் வாரமே மிளகாயை நம் ஊர் அளவில் போட்டுவிட்டாள். பாதிச் சாப்பாடு தொட்டிக்குப் போனது. பண்ணைக்காரர் கிரெக் கோபிக்கவில்லை. "இந்த வாரமும் சரிப்படவில்லை என்றால் பை வண்டியைக் கூப்பிட்டுவிடலாம்" என்று மட்டும் சொன்னாராம். பை என்றால் இறைச்சியை மாவுக்குள் அடைத்து வேகவைத்தது. இங்கே கொத்தனார் முதல் மந்திரி வரை அதைத்தான் தின்கிறார்கள்.

"ஒரு வாரந்தாண்ணே இருக்கு. கூட வேலை பாக்குற பொண்ணு ஃபிஜிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டா" என்றாள் மல்லிகா. அவள் கண்ணைப் பார்த்தால் நாலு நாளாகத் தூங்காதவள் மாதிரி இருந்தது.

நான் இருக்கும்போது என்ன கவலை என்றேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். தபால் ஆபீஸ் என் சம்பளம். என் தொழில் பந்தி விசாரணை. எங்கள் தெருவில் நாற்பது வருஷமாக எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் பந்தியில் நடந்து பார்த்துக்கொள்வது நான்தான். எந்த இலையில் என்ன இல்லை என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்வேன்.

"நீங்க வேலை செய்யக்கூடாதுண்ணே. விசிட் விசா."

"பரிமாறுறது வேலையா? அது மரியாதை."

"மச்சான், ஓய்வெடுக்க எல்லோ வந்தனீங்கள்?" என்றார் ஜெயம். பாவம், நல்ல மனுஷர்.

மறுநாள் ஞாயிறு. ஜெயம் சர்ச்சுக்குப் போய்விட்டார். மல்லிகாவுக்குத் தெரிந்த ஒருவர் ஹென்டர்சனில் பெரிய அண்டா வைத்திருந்தார். அதை வாங்கிவர நான் பஸ்ஸிலும் ரயிலிலுமாகப் போனேன். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது அண்டாவை மடியில் வைத்தால் எனக்கு ஊர் தெரியவில்லை, கீழே வைத்தால் யாருக்கும் வழி இல்லை. எதிரே இருந்த பெரியவர் "நன்றாக வாசிப்பீர்களா?" என்று கேட்டார். இதில் சமைப்போம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் அண்டா கதவில் சிக்கி, அதைத் திருப்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அடுத்த ஸ்டேஷனில் நாலு பேர் சேர்ந்து எங்கள் இருவரையும் இறக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை. மல்லிகாவின் வேனில் புக்கெகோஹி. போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி ஐந்து கிலோ வெங்காயம் வாங்கினாள். பண்ணையில் இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் தரையெல்லாம் வெங்காயம். மண்ணிலிருந்து கிளப்பிக் காயப்போட்டு, பொன்னிறத் தோலோடு வரிசை வரிசையாகக் கிடக்கிறது. வெங்காய விலைக்கு ஆட்சியே ஆட்டம் காணும் தேசத்திலிருந்து வந்தவன் நான். காலடியில் ஒன்று உருண்டபோது பதறி எடுத்துச் சட்டையில் துடைத்து வரிசையில் வைத்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்ற மாதிரி நாங்கள் கடை வெங்காயத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறோம்.

"கேக்காம எப்படி எடுக்குறது?" என்றாள் மல்லிகா.

"கேளேன்."

"போன வாரம் சாப்பாட்டக் கொட்டவச்சுட்டு, இந்த வாரம் வெங்காயம் கேக்கவா?"

பண்ணைக் கொட்டகையில் ஒரு ஓரமாக அடுப்பு. நீள மேஜைகள். பகல் பன்னிரண்டரைக்கு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் நம் ஊர்க் கதவுநிலை அளவு. வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. பசித்து வந்தவனைத் தட்டேந்தி நிற்க வைப்பதா? எல்லோரையும் கையைப் பிடித்து மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார வைத்தேன். மூன்று வாளிகளிலும் சோறு, கோழிக் குழம்பு, பருப்பு. மிளகாய் பாதி. வாளியைத் தூக்கினேன்.

அப்போது அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைவர் சியோனே கண்ணை மூடி ஜெபம் சொல்ல, மற்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள். நாலு குரலாகப் பிரிந்து, தகரக் கூரை அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையிலும் வாளி இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

பந்தியின் சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலையில் ஒரு பண்டம் தீர்ந்தால் பரிமாறுகிறவன் கண்ணில் அது படவேண்டும், பட்டால் போடவேண்டும். சாப்பிடுகிறவர் போதும் என்பார். முதல் போதும் கணக்கில் வராது. அது கூச்சம். அதைக் கேட்டு நின்றுவிடுகிறவன் பரிமாறத் தெரியாதவன், அல்லது கஞ்சன். இலையை மடித்தால்தான் நிறுத்த வேண்டும். இங்கே மடிக்க இலை இல்லை, பீங்கான் தட்டு. போதும் என்றும் யாரும் சொல்லவில்லை. காலியானது, போட்டேன். காலியானது, போட்டேன். சியோனே ஐந்து தடவை வாங்கினார். கடைசியில் தட்டுகளெல்லாம் கழுவி வைத்த மாதிரி பளபளத்தன.

மல்லிகா குப்பைத்தொட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது மூக்கை உறிஞ்சினாள். "ஒரு பருக்கை இல்லண்ணே" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை சேமியாப் பாயசம் சேர்த்துக்கொண்டோம். அதுவும் மூன்று சுற்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்கள் வயலுக்குப் போகும் நடையில் ஒரு தளர்ச்சி தெரிந்தது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாளியைக் கழுவினேன். ஹில்ஸ்பரோவுக்குத் திரும்பி ஜெயத்திடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் "அஞ்சு தரமோ?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை நெய்ச்சோறு. மதியம் இரண்டு மணிக்கு மெஷின் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். வெங்காயத்தை வாரி எடுக்கும் அந்தப் பெரிய மெஷின் வயல் நடுவே நின்றிருந்தது. அதன் நிழலில் பன்னிரண்டு பேர், டிராக்டர் நிழலில் ஏழு பேர், மரப்பெட்டிகளின் மேல் இரண்டு பேர், அத்தனை பேரும் மல்லாந்து கிடந்தார்கள். ஒருவர் வயிற்றின்மேல் தொப்பி இருந்தது. அது ஏறி இறங்கியது.

கிரெக் தலையில் கைவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்ல சாப்பாடு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்சம் அதிகமாகவே நல்ல சாப்பாடோ என்னவோ" என்றார். நான் பாராட்டு என்று நினைத்துக் கைகூப்பினேன்.

அவர் போனதும் மல்லிகா முகம் வெளுத்துப்போய் நின்றாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெருமழையாம்ணே. கெளப்பிப் போட்ட வெங்காயம் நனைஞ்சா தோல் கறுத்து அழுகிரும். நேத்தும் இன்னைக்கும் மத்தியானத்துக்கு மேல வேலையே நடக்கலையாம். மழைக்கு முன்னாடி முடியலன்னா திங்கட்கிழமையிலேருந்து பை வண்டின்னு சொல்லிட்டுப் போறாரு."

முதல் வாரம் சாப்பாடு மோசம் என்று வேலை போக இருந்தது. இந்த வாரம் சாப்பாடு பிரமாதம் என்று போக இருக்கிறது. அதற்குக் காரணம் நான். வாளியைக் கீழே வைத்தேன். நாற்பது வருஷத்தில் அது இவ்வளவு கனத்ததில்லை.

அப்போதுதான் சியோனே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெட்மாஸ்டர் முன் நிற்பதுபோல் நின்றார். "ஐயா, ஒன்று கேட்க வேண்டும். பையன்கள் கேட்கச் சொன்னார்கள். நாங்கள் என்ன தப்பு செய்தோம்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னார். போன வாரம் சாப்பாட்டைக் கொட்டியதைப் பார்த்து இந்த அம்மா அழுததை அவர் பார்த்திருக்கிறார். வெட்கமாகிவிட்டது. இனிமேல் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்று ஆட்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். "நாங்களும் முடிக்கிறோம். முடித்தால் நீங்கள் மறுபடி போடுகிறீர்கள். அதையும் முடிக்கிறோம். மறுபடி போடுகிறீர்கள். எப்போது மன்னிப்பீர்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்."

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு முன் நான் ஒரு பாடம் நடத்தினேன். செய்தித்தாளை விரித்து, இதுதான் இலை என்று மடித்துக் காட்டினேன். மடிக்கும் வரை எங்களுக்குக் கண் தெரியாது என்றேன். தட்டை மடிக்க முடியாது, ஆகவே போதும் என்றால் தட்டின் குறுக்கே கையை வையுங்கள் என்றேன். இருபத்திரண்டு கைகள் காலித் தட்டின்மேல் பாய்ந்தன. "இப்போது இல்லை, சாப்பிட்ட பிறகு" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு சுற்று, இரண்டாம் சுற்று பாதி. கைகள் வரிசையாகத் தட்டின்மேல் வந்தன. கடைசியில் தயிர்சாதத்தோடு சியோனே முன் வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே கையை வைத்தார். அவர் கை வைத்தது தெரிகிறது. நான்தான் அந்தச் சட்டத்தைச் சொன்னேன் என்பதும் தெரிகிறது. ஆனால் என் கைக்கு நாற்பது வருஷப் பழக்கம். முதல் போதும் அதற்குக் கேட்காது. "அட, ஒரு கரண்டி" என்று என் வாய் தமிழில் சொல்ல, ஒரு கரண்டித் தயிர்சாதம் சியோனேயின் புறங்கைமேல் போய் உட்கார்ந்தது.

சியோனே கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டில் எதுவும் மிஞ்சக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. கையை மெதுவாக வாயருகே கொண்டுபோய், அதன்மேல் இருந்ததையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க வாளியத் தொடக் கூடாது" என்றாள் மல்லிகா. ராத்திரி சாப்பாட்டின்போது ஜெயம், "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு எண்டு சொல்லுறது இதுக்குத்தான் மச்சான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால் வந்த கோபம்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மேற்கே கறுத்திருந்தது. மழை சாயங்காலம் இல்லை, இரண்டு மணிக்கே வந்துவிடும் என்றார் கிரெக். கடைசி வயல் பாதிக்குமேல் பாக்கி. சாப்பாட்டு நேரம் கிடையாது, முடித்துவிட்டு எப்போதோ சாப்பிடலாம் என்று சியோனேயும் சம்மதித்தார். மல்லிகா நாற்பது சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைத்துக்கொண்டு நின்றாள். "சாப்பாடே வேணாங்குற எடத்துல நமக்கென்ன வேலை" என்றாள். ஜெயம் அன்று லீவு போட்டு வந்திருந்தார்.

பதினொன்றரைக்கு நான் வயல் ஓரத்தில் போய் நின்றேன். மெஷின் வெங்காயத்தை வாரி ஒரு நீளப் பட்டைமேல் ஏற்றுகிறது. பட்டையின் இரண்டு பக்கமும் ஆட்கள் எதிரும் புதிருமாக நின்று, ஓடிவரும் வெங்காயத்தில் மண்கட்டியையும் அழுகலையும் பொறுக்கி எறிகிறார்கள். மெஷின் நகரும் வேகம் எங்கள் ஊர்த் தேரைவிடக் குறைவு. பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வரிசை, நடுவில் நீளமாக ஒரு பட்டை. பந்தி.

ஓடினேன். "மல்லிகா, சப்பாத்திய சுடு. கோழியக் கெட்டியா வத்தவச்சு உள்ள வச்சுச் சுருட்டு. ஒரு கையில புடிக்கிற அளவு."

"அவங்க கையெல்லாம் மண்ணுண்ணே."

"என் கை சுத்தமாத்தான் இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்து என் கையில் கொடுத்தாள். கிரெக் ஓடிவந்து, இந்த ஊர்ச் சட்டப்படி எனக்கு ஒரு பளபளக்கும் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிட்டார். வேட்டியின்மேல் அது எப்படி இருந்தது என்று ஜெயம் படம் எடுத்து வைத்திருக்கிறார், நான் பார்க்க மறுத்துவிட்டேன்.

மண்கட்டிகளில் தடுக்கிக்கொண்டு மெஷினோடு நடந்தேன். சுருட்டிய சப்பாத்தியைக் காகிதத்தோடு பிடித்து நீட்டுவேன். மேலே நிற்கிறவர் குனிந்து ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்வார், கை பட்டையிலேயே இருக்கும். அடுத்தவர். திரும்பி முதல் ஆள். பட்டை நிற்கவில்லை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஜெயம். இரண்டாவது சுருளோடு போனபோது சியோனே கையுறைக் கையை உயர்த்தினார். என் கை முன்னே போகத்தான் பார்த்தது. மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போனேன். நாற்பது வருஷத்தில் முதல் போதும் என் காதில் விழுந்தது அன்றுதான்.

கடைசி மரப்பெட்டி கொட்டகைக்குள் போனபோது மணி இரண்டடிக்கப் பத்து நிமிஷம். கூரைமேல் முதல் துளி விழுந்தபோது இருபத்திரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன். கிரெக் நனைந்த தொப்பியைக் கழற்றி உதறிவிட்டு மல்லிகாவிடம் வந்தார். "திங்கட்கிழமை உருளைக்கிழங்கு ஆரம்பிக்கிறோம். அந்தச் சுருட்டின கோழி செய்வீர்கள்தானே?" என்றார். ஒரு சாக்கு வெங்காயத்தை அவள் காலடியில் இறக்கி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. மல்லிகா அந்தச் சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயம் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, "அழாதையும்" என்றார். அவரும்தான் அழுதார்.

பந்திக்கு முந்து என்பார்கள். பரிமாறுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அன்று மிச்சக் கோழிக்கு மல்லிகா சோறு வடித்தாள். கொட்டகை மேஜையில் ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள், நடுவில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஜெபம் முடிந்ததும் சியோனே வாளியைத் தூக்கினார். கரண்டி அவர் கையில் டீஸ்பூன் மாதிரி இருந்தது. ஒரு தடவை போட்டார், சாப்பிட்டேன். இரண்டாம் தடவை போட்டார், சாப்பிட்டேன். மூன்றாம் தடவை வந்தபோது சட்டப்படி தட்டின் குறுக்கே கையை வைத்தேன்.

அவர் என் தலைக்குமேலே மல்லிகாவைப் பார்த்தார்.

"நான்தாண்ணே சொல்லிக் குடுத்தேன்" என்றாள் அவள் பின்னாலிருந்து. "மொதப் போதும் கணக்குல வராதுன்னு."

கையை எடுப்பதற்குள் ஒரு கரண்டிச் சோறும் கோழியும் என் புறங்கைமேல் வந்து உட்கார்ந்தன. கொட்டகை முழுக்க என்னையே பார்த்தது. கையை மெதுவாக வாயருகே கொண்டுபோய், அதன்மேல் இருந்ததையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.